எதுல டிக்கு போடணும்?

ஜனவரி பிறந்தால் திருப்பூரில் எங்கள் பனியன் கம்பெனிக்கு இரண்டு கடிதங்கள் தவறாமல் வரும். ஒன்று, பையர் ஆடிட் எப்போது என்பது. மற்றது ஏதாவதொரு கல்லூரியின் உளவியல் துறையிலிருந்து: மாணவர்கள் பதினைந்து நாள் இன்டர்ன்ஷிப் வருகிறார்கள், அனுமதி தாருங்கள். முன்பெல்லாம் அந்த இரண்டாவது கடிதத்தைப் பிரிக்கும்போது சந்தோஷமாக இருக்கும். ஊசி உடைந்ததற்கும் அளவு தப்பியதற்கும் கணக்குக் கேட்கத்தான் இங்கே ஆள் வருவார்கள். மனசு எப்படி இருக்கிறது என்று கேட்கவும் நாலு பேர் வருகிறார்களே என்று நினைப்பேன். இப்போது அந்தக் கடிதத்தைக் கண்டாலே வயிறு எரிகிறது.

நான் உளவியல் படித்தவள் இல்லை. பி.காம். முடித்து டைம் ஆபீஸில் கார்டு பார்க்கச் சேர்ந்தேன். பத்தொன்பது வருஷத்தில் டைம் ஆபீஸ் பர்சனல் ஆயிற்று, பர்சனல் எச்.ஆர். ஆயிற்று, நானும் கூடவே வந்துவிட்டேன். என் பெண் கோயமுத்தூரில் பி.எஸ்சி. சைக்காலஜி மூன்றாம் வருஷம் படிக்கிறாள். அவள் விடுமுறைக்கு வரும்போது கொண்டுவரும் புத்தகங்களை ராத்திரி உட்கார்ந்து நானும் படிக்கிறேன். படித்ததால்தான் ஆதங்கம் கூடிப்போனது. அந்தப் புத்தகத்தில் இருப்பது எங்கள் லைனில் அன்றாடம் நடக்கிறது. அதைப் படித்துவிட்டு வருகிற பிள்ளைகளின் கண்ணுக்குத்தான் அது தெரிவதில்லை.

போன வருஷம் பத்துப் பேர் வந்தார்கள். மரியாதையான பிள்ளைகள். கையில் இருநூறு காப்பி ஜெராக்ஸ். பத்துக் கேள்வி கொண்ட மன அழுத்த அளவுகோல். ஷெல்டன் கோஹன் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 1983-ல் வெளியிட்ட அளவுகோலிலிருந்து வந்தது, உலகமெங்கும் பயன்படுவது. அதைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் அதைத் தமிழாக்கிக் கொண்டுவந்திருந்த தமிழை எங்கள் லைனில் ஒருவரும் பேசுவதில்லை. வாழ்வின் நிகழ்வுகளைக் கட்டுப்படுத்த இயலாத நிலை, எதிர்கொள்ளும் திறன் என்றெல்லாம் அச்சிட்டிருந்தது. ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்து கட்டம். ஒருபோதும் இல்லை என்பதில் தொடங்கி மிக அடிக்கடி என்பது வரை.

தாளைக் கொடுத்தது காலை டீ டைமில். பத்து நிமிஷம். அதற்குள் பாத்ரூம் போக வேண்டும், டீ குடிக்க வேண்டும், ஹாஸ்டலில் விட்டுவந்த போனுக்குப் பதிலாகப் பக்கத்திலிருப்பவளின் போனை வாங்கி வீட்டுக்குப் பேச வேண்டும். சூப்பர்வைசர் லைன் தலைமாட்டில் நின்றுகொண்டிருந்தார். உசிலம்பட்டியிலிருந்து வந்து எட்டு வருஷமாக எங்களிடம் செக்கிங்கில் இருக்கும் ஓர் அக்கா, தாளை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு அந்த மாணவியிடம் கேட்டார்:

"ஏத்தா, இதுல எதுல டிக்கு போட்டா சூப்பர்வைசர் வைய மாட்டாரு?"

மாணவி சிரித்தாள். "உங்களுக்கு என்ன தோணுதோ அதைப் போடுங்கக்கா" என்று சொல்லிவிட்டு அடுத்த டேபிளுக்குப் போய்விட்டாள்.

அக்கா பேனாவை வாங்கி நடுக்கட்டத்தில் மேலிருந்து கீழே பத்து டிக் போட்டார். தையல் போட்ட மாதிரி ஒரே நேர்கோடு. அதைப் பார்த்துப் பக்கத்திலிருந்தவள் போட்டாள். அவளைப் பார்த்து எதிரிலிருந்தவள்.

இரண்டு மாதம் கழித்து ரிப்போர்ட் வந்தது. ஸ்பைரல் பைண்டிங், வண்ண வண்ண வட்டப்படங்கள். எங்கள் தொழிலாளர்களில் பெரும்பாலோருக்கு 'மிதமான மன அழுத்தம்' என்று முடிவு. அன்றைக்கு ராத்திரி என் பெண்ணை உட்கார வைத்துக் கணக்குப் போடச் சொன்னேன். ஒவ்வொரு கேள்விக்கும் சுழியிலிருந்து நாலு வரை மதிப்பெண். நடுக்கட்டத்துக்கு இரண்டு. நாலு கேள்விகளுக்கு மதிப்பெண்ணைத் தலைகீழாகத் திருப்ப வேண்டுமாம்; திருப்பினாலும் நடுக்கட்டம் இரண்டுதான். பத்துக் கேள்விக்கு இருபது. 14 முதல் 26 வரை மிதமான அழுத்தம் என்று வைத்துக்கொள்வது வழக்கம். இருபது அதன் நட்டநடுவில் இருக்கிறது. அந்தப் பிள்ளைகள் அளந்தது எங்கள் சனங்களின் மன அழுத்தத்தை அல்ல, சூப்பர்வைசர் மேல் இருக்கும் பயத்தை. அதைக்கூட அளந்தோம் என்று தெரியாமல் அளந்திருக்கிறார்கள்.

என் பெண்ணின் பாடத்தில் இதற்கென்று ஒரு தலைப்பே இருக்கிறது. கேட்பவருக்குப் பிடித்த மாதிரி, சமூகம் மெச்சுகிற மாதிரிப் பதில் சொல்லும் போக்கு. கிரவுன், மார்லோ என்ற இருவர் 1960-ல் அதை அளக்கவே ஓர் அளவுகோல் செய்தார்கள். அந்தப் பத்துப் பிள்ளைகளும் அதைப் படித்துப் பரீட்சை எழுதித் தேறியவர்கள்தான். அந்தப் பாடம் உசிலம்பட்டிக் குரலில் வாய் திறந்து, எதுல டிக்கு போடட்டும் என்று கேட்டபோது, சிரித்துவிட்டு நகரத்தான் தெரிந்தது. அந்தக் கேள்வியை நோட்டில் எழுதிக்கொண்டு தாளை எல்லாம் திரும்ப வாங்கியிருந்தால், அந்தப் பதினைந்து நாளும் அதற்கே தகும். மூன்று வருஷப் படிப்பு இதைக் கற்றுக்கொடுக்கவில்லை என்றால் வேறு எதைக் கற்றுக்கொடுக்கிறது?

பெயர் வைக்கக் கற்றுக்கொடுக்கிறது. அதில்தான் எனக்கு ஆறவே ஆறாத ஒரு வருத்தம்.

ஓவர்லாக்கில் ஒரு பெண். தேனிப் பக்கம், இருபது வயசு, ஹாஸ்டலில் இருப்பவள். பீஸ் குறைந்துகொண்டே போனது, மெஷினிலேயே தலை சாய்த்துவிடுவாள். அதற்கு முந்தைய வருஷம் வந்த ஒரு மாணவி அவளோடு இரண்டு நாள் பேசினாள். சோர்வு, தூக்கம் சரியில்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் பிடிப்பில்லை. புத்தகத்தில் உள்ளதெல்லாம் பொருந்திவிட்டது. "உங்களுக்கு டிப்ரஷன் இருக்கு" என்று அவளிடமே சொல்லிவிட்டாள். சொன்னது நல்ல எண்ணத்தில்தான். சாயங்காலத்துக்குள் அது ஹாஸ்டல் முழுக்கப் பரவி, ராத்திரிக்குள் 'அந்தப் புள்ளைக்கு மனநோயாம்' என்று ஆகிவிட்டது. ரூமில் இருந்தவர்கள் பாயைத் தள்ளிப் போட்டுக்கொண்டார்கள். வார்டன் என்னிடம் வந்து, ஊருக்கு அனுப்பிவிடலாம், ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது என்றார். அந்தப் பெண் என் டேபிளுக்கு முன்னால் நின்று, "நான் பைத்தியமாக்கா?" என்று கேட்டது இன்னமும் காதில் இருக்கிறது.

மறுநாள் அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ரத்தம் ஏழுதான் இருந்தது. மாதாமாதம் உதிரப்போக்கு பத்து நாள் வரை நிற்பதில்லை, அதை வெளியே சொல்ல வெட்கப்பட்டு ஒரு வருஷமாக மறைத்திருக்கிறாள். மருத்துவம் தொடங்கி மூன்று மாதத்தில் முகத்தில் களை வந்தது. மனச்சோர்வு அவளுக்கு இல்லவே இல்லை என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன், இருந்தும் இருக்கலாம். அதைச் சொல்ல வேண்டியவர் ஒரு டாக்டர். என் கேள்வியெல்லாம் ஒன்றுதான். இரண்டு நாள் பேசியதில், எத்தனை மணிக்குப் படுக்கிறாய், காலையில் என்ன சாப்பிட்டாய், தலைக்குக் குளிப்பது ஒழுங்காக வருகிறதா என்று ஏன் ஒரு தடவைகூடக் கேட்கத் தோன்றவில்லை? எங்கள் ஊரில் காலையில் எட்டரைக்கு ஏறினால் ராத்திரி எட்டரைக்கு இறங்குவது ஒன்றரை ஷிப்ட். ஷிப்மென்ட் நெருங்கினால் அதற்கும் மேல். இது தெரியாமல் ஒருத்தியின் சோர்வுக்கு எப்படிப் பெயர் வைக்க முடியும்?

இதற்கு அமெரிக்காவுக்குப் போக வேண்டியதில்லை. சென்னையில் குறைந்த வருமானக்காரர்கள் 452 பேரை வைத்துத் தூக்கத்தைப் பற்றி ஓர் ஆய்வு நடந்து 2021-ல் வெளியானது. கையில் கட்டிய கருவியை வைத்து அளந்தார்கள். எட்டு மணி நேரம் படுக்கையில் கிடந்தாலும் தூங்கியது ஐந்தரை மணி நேரம்தான். கொசு, புழுக்கம், சத்தம். ராத்திரித் தூக்கத்தை அரை மணி நேரம் போலக் கூட்டிப் பார்த்தார்கள். வேலையிலும் மனநிலையிலும் பெரிய மாற்றமில்லை. பகலில் குட்டித்தூக்கம் போட விட்டபோது இரண்டுமே தெளிந்தன. சென்னையில் நடந்த இந்தச் சோதனையை வந்த பிள்ளைகளில் ஒருவருக்கும் தெரியவில்லை. எங்கள் எம்.டி.யிடம் அதை எடுத்துக்காட்டி, மதியம் சாப்பாட்டு நேரத்தோடு பதினைந்து நிமிஷம் சேர்த்துக் கேட்க ஒரு படித்த பிள்ளை எனக்குத் துணை வந்திருந்தால், அந்த வருஷத்து இன்டர்ன்ஷிப்பைக் கும்பிட்டிருப்பேன்.

என் பெண்ணின் புத்தகத்தில் ஒரு பக்கத்தைப் படித்தபோது எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துவிட்டது. அமெரிக்காவில் விர்ஜீனியா மாநிலத்தில் மரியன் என்ற சிற்றூர். அங்கே ஹார்வுட் என்று ஒரு பைஜாமா கம்பெனி. வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள், பீஸ் ரேட். ஸ்டைல் மாறும்போதெல்லாம் சண்டை. புதுவேலை பழகுவதற்குள் கூலி குறையும், பலர் வேலையை விட்டுப் போய்விடுவார்கள். லெஸ்டர் கோச், ஜான் பிரெஞ்ச் என்ற இருவர் அங்கே செய்த சோதனை 1948-ல் வெளியானது. ஒரு கூட்டத்திடம், வேலை முறை மாறுகிறது, ரேட் இது என்று உத்தரவாகச் சொன்னார்கள். இன்னொரு கூட்டத்தில் தங்களுக்குள் ஆள் பொறுக்கி அனுப்பி, வேலையை எப்படி மாற்றுவது, ரேட் எப்படிக் கட்டுவது என்று பேச வைத்தார்கள். வேறு இரண்டு கூட்டங்களில் அத்தனை பேரையும் உட்கார வைத்துப் பேசினார்கள். உத்தரவு கேட்ட கூட்டத்தில் நாற்பது நாளுக்குள் நூற்றுக்கு பதினேழு பேர் வேலையை விட்டுப் போனார்கள். மீதிப் பேரின் உற்பத்தியும் பழைய அளவுக்கு ஏறவில்லை. எல்லோரையும் உட்கார வைத்துப் பேசிய இரண்டு கூட்டங்களும் சீக்கிரமே பழைய அளவைத் தொட்டு அதையும் தாண்டின. அந்த இரண்டு கூட்டமும் யார் தெரியுமா? செக்கிங் ஆட்கள். பைஜாமாவில் பிசிறு வெட்டி, தையலைத் தடவிப் பார்க்கிறவர்கள். எங்கள் உசிலம்பட்டி அக்கா செய்கிற அதே வேலை!

உளவியல் பாடத்தில் இத்தனை பெயர் பெற்ற ஒரு சோதனை பனியன் கம்பெனி மாதிரி ஓர் இடத்தில், செக்கிங் டேபிளில் நடந்திருக்கிறது. எங்களிடம் ஸ்டைல் மாறாத வாரமே கிடையாது. ரேட் பேசாத திங்கட்கிழமை கிடையாது. கோச்சையும் பிரெஞ்சையும் மனப்பாடம் செய்த பிள்ளைகள் அந்த டேபிளுக்கு முன்னால் பதினைந்து நாள் நின்றார்கள், ஒருவரும் அதைச் சொல்லவில்லை. நான்தான் ஒரு பையனிடம் கேட்டேன். "அது ஆர்கனைசேஷனல் பிஹேவியர் பேப்பர்ங்க மேடம், எங்களுக்குப் போன செமஸ்டரோட முடிஞ்சுது" என்றான். அவன் மேல் எனக்குக் கோபமில்லை. முடிந்துபோகிற ஒன்றாக அதை அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் மேல்தான்.

அந்தச் சோதனையை அப்படியே நம்பச் சொல்லவும் இல்லை. எல்லோரையும் உட்கார வைத்துப் பேசிய கூட்டங்களில் ஒன்றில் எட்டுப் பேர், மற்றதில் ஏழு பேர். இவ்வளவு சின்ன எண்ணிக்கையை வைத்து எவ்வளவு சொல்லலாம் என்று கேட்கத் தெரிய வேண்டும். 2015-ல் உளவியலின் நூறு ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தபோது ஏறக்குறைய மூன்றில் ஒன்றுதான் பழையபடி தேறியது. இதை முதல் வருஷம் முதல் வாரத்திலேயே சொல்ல வேண்டாமா? சொல்வதில்லை. அதற்குப் பதில், கணக்கு என்றாலே பயந்து, புள்ளிவிவரத்தைக் காசு கொடுத்து வெளியே போட்டு வாங்குகிறார்கள். எங்கள் ரிப்போர்ட்டில் இருந்த வட்டப்படமும் அப்படி வாங்கியதுதான் என்று பின்னால் அவர்களே சொன்னார்கள். நேர்கோடாகக் கிடந்த அந்த டிக்குகளைத் தானே உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஏற்றியிருந்தால், இருபது தாள் தாண்டுவதற்குள் ஒரு பிள்ளைக்காவது உறுத்தியிருக்கும்.

2023 மார்ச்சில் நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். தமிழ்நாட்டில் பீகார்க்காரர்களை அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. வேறெங்கோ நடந்த சண்டைகளை நம் ஊரில் நடந்ததாகச் சொல்லிப் பரப்பினார்கள். ஹோலி நெருங்கிய நேரம், ஊருக்குப் போகிறவர்களும் பயந்து ஓடுகிறவர்களும் ஒன்றாகத் தெரிந்தார்கள். திருப்பூர் ரயில்வே ஸ்டேஷனில் கால் வைக்க இடமில்லை. போலீஸ் இந்தியில் தைரியம் சொன்னது, பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து பார்த்துப் போனது. எங்கள் ஹாஸ்டலில் பையன்கள் பெட்டி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். "இங்கே யாராவது உங்களை ஒரு வார்த்தை சொன்னார்களா?" என்றால் இல்லை என்பார்கள். "அப்புறம் ஏன் நம்புகிறீர்கள்?" என்றால் பதில் வராது, பெட்டியை மட்டும் பிரிக்க மாட்டார்கள். எனக்கு அன்று அது விளங்கவே இல்லை.

விளங்கியது போன வருஷம், என் பெண்ணின் புத்தகத்தைப் படித்தபோது. 1934 ஜனவரி 15-ல் பீகாரில் பெரிய பூகம்பம். அதற்குப் பிறகு மக்களிடையே பரவிய வதந்திகளை ஜமுனா பிரசாத் என்ற இந்திய உளவியலாளர் சேர்த்து ஆராய்ந்து 1935-ல் வெளியிட்டார். நிலம் அதிர்ந்தது, ஆனால் தங்களுக்குச் சேதமில்லை. அப்படிப்பட்ட ஊர்களில்கூட, இதைவிடப் பெரிய அழிவு வரப்போகிறது என்ற பேச்சுதான் பரவியது. பயந்த மனிதர்கள் ஏன் இன்னும் பயமுறுத்தும் சேதியைத் தேடி நம்ப வேண்டும்? இந்தக் கேள்வியில் சிக்கிக்கொண்டவர் லியோன் பெஸ்டிங்கர். பயம் முதலில் வந்துவிட்டது, அந்தப் பயத்துக்கு ஏற்ற காரணத்தை மனசு தேடுகிறது என்று அவர் எண்ணினார். அந்த இழையைப் பிடித்துப் போய்த்தான், மனசுக்குள் ஒன்றோடொன்று ஒவ்வாத எண்ணங்கள் படுத்தும் பாட்டைப் பற்றிய அவருடைய கோட்பாடு 1957-ல் புத்தகமாக வந்தது. பீகார்ப் பையன்களின் பெட்டி ஏன் பிரியவில்லை என்று எனக்கு அப்போதுதான் பிடிபட்டது. அந்நிய ஊரில், பாஷை தெரியாத இடத்தில், அவர்களுக்குள் பயம் வருஷக்கணக்காக ஏற்கெனவே குடியிருந்தது. வீடியோ அதற்கு ஒரு காரணத்தைக் கொடுத்தது, அவ்வளவுதான். வீடியோ பொய் என்று நிரூபித்தால் போதும் என்று நாங்கள் நினைத்தோம், அது போதாது. அந்தப் பயத்தைக் கேட்டிருக்க வேண்டும்.

பெஸ்டிங்கரைப் பற்றிப் பத்து மதிப்பெண்ணுக்கு எழுதாத உளவியல் மாணவர் இல்லை. அதன் வேர் பீகாரில் இருக்கிறது என்றும், அந்த பீகாரின் பிள்ளைகள் நம் ஊர் ஹாஸ்டலில் படுத்திருக்கிறார்கள் என்றும் ஒரே ஒரு வாத்தியார் சொல்லியிருந்தால், அந்த மாணவர்கள் ஸ்டேஷனுக்கு ஓடிவந்து பேசியிருக்க மாட்டார்களா? என் மனசு அடித்துக்கொள்வது இதற்குத்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இதைச் சொல்லவே கஷ்டமாக இருக்கிறது. 2022-ல் இந்தியாவில் தற்கொலை செய்துகொண்டவர்கள் 1,70,924 பேர் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். தமிழ்நாட்டில் 19,834 பேர், மகாராஷ்டிரத்துக்கு அடுத்தபடி. நாட்டில் இறந்தவர்களில் நாலில் ஒருவருக்கும் மேல் தினக்கூலிகள். திருப்பூரில் வேலை பார்க்கிற யாருக்கும் இது வெறும் எண்ணாகத் தெரியாது. வந்த பத்துப் பேரிடமும் கேட்டேன்: உங்களிடம் பேசும்போது ஒருத்தி, எனக்கு வாழவே பிடிக்கவில்லை என்று சொன்னால் என்ன செய்வீர்கள்? கவுன்சலிங் தருவோம் என்றார்கள். எந்த நம்பருக்குக் கூப்பிடுவீர்கள் என்றேன். முழித்தார்கள். 2022 அக்டோபரிலிருந்து 14416 என்ற மனநல உதவி எண் இருக்கிறது. ராத்திரி பகல் எந்நேரமும், காசில்லாமல், தமிழில் பேசலாம். எங்கள் கேன்டீன் சுவரில் ஒட்டியிருக்கிறோம், அதற்குக் கீழே நின்றுதான் டீ குடித்தார்கள்.

கவுன்சலிங் தருவோம் என்ற அந்தப் பதில் என்னைப் பயமுறுத்துகிறது. பி.எஸ்சி. முடித்தவர் மருத்துவ உளவியலாளர் ஆகிவிட முடியாது. அதற்கு மேலும் வருஷக்கணக்கில் படித்து, 1992-ன் சட்டப்படி இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். பெற்றவர்களிடம் சேர்க்கை நேரத்தில் இதை யாரும் சொல்வதில்லை. நாங்களும் ஏதோ பாதி டாக்டருக்குப் படிக்க வைக்கிறோம் என்றுதான் பணம் கட்டினோம். தன்னால் எது முடியாது என்று தெரிந்துகொண்டு, முடிகிறவரிடம் கைப்பிடித்துக் கூட்டிப்போகத் தெரிந்தால் அதுவே பெரிய படிப்பு. என் பெண்ணிடம் நான் ஆசைப்படுவது அவ்வளவுதான். அதோடு கொஞ்சம் தமிழ். மனசு பாரமா இருக்கு, நெஞ்சு படபடங்குது, ஒரு மாதிரியா வருது, கை கால் ஓயுது என்று ஒவ்வொரு ஊர்க்காரியும் ஒவ்வொரு விதமாகச் சொல்வாள். உசிலம்பட்டி சொல்வது வேறு, தாராபுரம் சொல்வது வேறு. அந்த வார்த்தைகளைத்தான் முதலில் பொறுக்க வேண்டும். பொறுக்காமல் ஒரு கேள்விகூடக் கேட்க முடியாது.

இந்த வருஷத்துக் கடிதமும் வந்துவிட்டது. பன்னிரண்டு பேர். பதில் எழுதினேன்: வாருங்கள், முதல் ஐந்து நாள் தாள் எதுவும் வேண்டாம், செக்கிங் டேபிளில் உட்கார்ந்து பிசிறு வெட்டட்டும், சும்மா பேசட்டும், அதற்குப் பிறகு கேள்விகளை இங்கே உட்கார்ந்தே எழுதலாம், சூப்பர்வைசரை நான் வெளியே அனுப்பிவைக்கிறேன். கல்லூரியிலிருந்து பதில் வந்தது. இருநூறு படிவமும் முதல் வாரத்திலேயே நிரம்பினால்தான் ரிப்போர்ட் தேதிக்கு முடியுமாம். வருகைச் சான்றிதழின் மாதிரியையும் இணைத்திருந்தார்கள்.

அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டே லைனுக்குப் போனேன். என் முகத்தைப் பார்த்தோ தாளைப் பார்த்தோ, உசிலம்பட்டி அக்கா கத்தரியைக் கீழே வைத்தார்.

"அந்தப் பிள்ளைக மறுபடி வருதுகளாம்மா? இந்தத் தடவை எதுல டிக்கு போடணும்னு முன்னாடியே சொல்லிரும்மா. போன தடவை சரியாப் போட்டமா, தப்பாப் போட்டமான்னு இன்னவரைக்கும் மனசுல கெடந்து உறுத்துது."